பாடாங் பத்துவில் என் வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரர் பெயர் மருதமுத்து. எழுதிவிட்டேன், பார்த்தீர்களா? எழுதினால் தோஷமில்லை, வாயால் சொன்னால்தான் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் என் அம்மா என்னை வளர்த்தாள். அதனால் கல்யாணமான நாளிலிருந்து நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. மருதாணி என்று சொல்ல முடியாது, 'கையிலே வைக்கிற இலை' என்பேன். முத்து என்ற சொல்லும் ஆகாது என்பதால் மலாக்காவில் எங்கள் காஜா பெராங் கோயில் முத்து மாரியம்மனை வெறும் மாரியம்மன் ஆக்கிவிட்டேன். பக்கத்து வீட்டு மலாக்கா செட்டி அம்மா ஒருநாள், உன் புருஷன் பெயர் என்ன என்று மலாயில் கேட்டாள். உள்ளே ஓடிப்போய்க் கல்யாணப் பத்திரிகையை எடுத்துவந்து விரலால் தொட்டுக் காட்டினேன். தலைமுறைகளாக மலாய் பேசுகிற தமிழ் வம்சம், அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பெயரைச் சொல்லாமல் இருப்பதுகூடப் பெரிய கஷ்டமில்லை. ஆளே வீட்டில் இல்லை, யாரைக் கூப்பிடப் போகிறேன்? அவருக்கு சர்வே ஆபிஸில் காட்டு வேலை. பாராங் கத்தியோடு முன்னால் போய்ப் புதரை வெட்டிப் பாதை எடுக்க வேண்டும், வழி தெரியும்படி மரத்துக்கு மரம் வெள்ளைப் பெயிண்டு அடிக்க வேண்டும். மூன்று வாரம் காடு, ஒரு வாரம் வீடு. அந்த ஒரு வாரத்திலும் இரண்டு நாள் தூக்கத்தில் போய்விடும். மிச்ச நாளில் வெளியே நின்று, வானம் தெளிந்திருந்தால் தூரத்தில் நீலமாகத் தெரிகிற லேடாங் மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கல்யாணமாகி எட்டே மாதம். சக்களத்தி ஒருத்தி வந்திருந்தால் தலைமுடியைப் பிடித்து நாலு கேள்வி கேட்டிருப்பேன். மலையை என்ன செய்ய?

அந்த ஆகஸ்டு மாதத்தில்தான் ஒரு வழி பிறந்தது. டவுனில் பண்டார் ஹிலிர் பக்கம் இருந்த அதே சர்வே ஆபிஸில் பியூன் வேலை ஒன்று காலியானது. காலை எட்டு மணிக்குப் போனால் மாலை ஐந்துக்குள் வீடு. காட்டுக் கூட்டத்துக்கு மண்டோராக, அதாவது மேஸ்திரியாக இருந்த யூனுஸ் அண்ணன் நல்ல மனுஷர், கேட்காமலேயே இவர் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். வருகிற திங்கட்கிழமைக்குள் இவர் 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவரோ சரியும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"அந்த வேலைக்குப் போகலைன்னா, நான் ஜாசின்ல எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். விளையாட்டுக்குச் சொல்றேன்னு நெனைச்சுக்காதீங்க" என்றேன்.

"நெனைக்கல."

"அப்புறம் என்ன?"

"யோசிக்கிறேன், பாக்கியம்."

அவ்வளவுதான் பேச்சு. நான் ஐந்நூறு வார்த்தை பேசினால் அவர் ஐந்து பேசுவார். என்னைப் பிடிக்கவில்லையோ என்றுகூட நினைத்து அழுதிருக்கிறேன். இப்போது சொல்வதற்கு என்ன வெட்கம், உண்மைதான்.

பன்னிரண்டு வருஷமாக அவசரகாலம் என்று சொல்லி லேடாங் மலைப்பக்கம் யாரையும் விடாமல் வைத்திருந்தார்கள். உள்ளே கம்யூனிஸ்ட் துப்பாக்கிக்காரர்கள், வெளியே பட்டாளம். அதற்கு முந்தின மாதம்தான் எல்லாம் முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். சொன்ன கையோடு வாத்தியார்கள் சிலர் சேர்ந்து, மெர்டேக்கா என்கிற சுதந்திர நாளன்று மலை உச்சிக்கு நடந்துபோக வேண்டும் என்று மனுப் போட்டுவிட்டார்கள். புதர் மூடிக் கிடந்த பழைய நடைபாதையைத் திறந்துவிடும் வேலை யூனுஸ் அண்ணன் ஆட்கள் தலையில் விழுந்தது. கிளம்புகிற அன்று பார்த்து, கூட்டத்துக்குச் சமைக்கிற சுப்பையனுக்குக் காய்ச்சல்.

"நான் வர்றேன் சமைக்க" என்றேன் யூனுஸ் அண்ணனிடம். "அப்படி என்னதான் இருக்கு அந்த மலையிலன்னு நானும் பார்த்துடறேன்."

அவர் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார். இவர் தரையைப் பார்த்தார். "நாலு நாளுதான் தங்கச்சி, ஞாயித்துக்கெழம திரும்பிடலாம். வாயேன்" என்றார் மண்டோர். வியாழக்கிழமை காலை பாத்திரங்களோடு பஸ் ஏறி ஜாசினில் மாறி அசஹான் போய்ச் சேர்ந்தோம். ஜாசினில் என் அண்ணன் வீட்டுத் தெரு கண்ணில் பட்டபோது இவரை ஓர் இடி இடித்து, "வழி தெரியுதுல்ல?" என்று கேட்டேன். பாவம், மனுஷர் முகம் வாடிப்போயிற்று.

அசஹான் அருவிக்குப் பக்கத்தில் கூடாரம். முதல் நாளே யூனுஸ் அண்ணன் என்னை உட்காரவைத்துச் சட்டம் சொன்னார்.

"காட்டுக்குள்ள யாரையும் பேரச் சொல்லிக் கூப்பிடக் கூடாது தங்கச்சி. மலாய்க்காரங்க எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது. பேரக் கேட்டு வச்சுக்கிட்டு அப்புறம் வேற ஏதாச்சும் கூப்பிட ஆரம்பிச்சுடும். ஆளு வேணும்னா 'ஊய்'னு ஒரு சத்தம். கேட்டவன் ரெண்டு 'ஊய்' பதில் குடுப்பான். பேரச் சொல்லி ஒரு கொரலு கூப்பிட்டுச்சுன்னா, அது மனுசன் கொரலு இல்ல. பதில் சொன்னவன் வீடு திரும்பறதில்ல."

"எனக்கென்னண்ணே, நான் வீட்டுலயே சொல்றதில்ல" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். காட்டுக்குள் இவரை அவர்கள் 'பெயிண்டு' என்றுதான் கூப்பிட்டார்கள். ஏய் பெயிண்டு, இங்க வா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் கட்டிக் காப்பாற்றுகிற பெயருக்கு வந்த கதியைப் பாருங்கள்!

மூன்று நாள் சோறும் சம்பலும் கருவாடுமாக ஓடியது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இவர் அடுப்புப் பக்கம் வந்து நின்றார்.

"மேல பாறைத் திடல்ல மட்டும் கொஞ்சம் பெயிண்டு பாக்கி இருக்கு. கூட வர்றியா?"

எட்டு மாதத்தில் அவராக என்னை எங்கேயும் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சினிமாவுக்குக்கூடக் கூப்பிட்டதில்லை. "சமையல் யார் செய்வா?" என்று வாய் கேட்டதே தவிர, கை அதற்குள் சேலையைத் தூக்கிச் செருகிவிட்டது.

ஐயோ, அந்த ஏற்றம்! வேரைப் பிடித்து ஏற வேண்டும், பாறையைக் கட்டிக்கொண்டு ஏற வேண்டும். பத்தடிக்கு ஒரு தடவை உட்கார்ந்தேன். அவர் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. உட்கார்ந்தபோதெல்லாம் என் காலடியில் குனிந்து அட்டை ஏறியிருக்கிறதா என்று பார்த்து, புகையிலைத் தண்ணீர் தொட்டு ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். என் காலை அவர் தொட்டதும் எனக்குக் கூச்சமாகப் போயிற்று. "விடுங்க, நானே எடுத்துக்கறேன்" என்றால், "உனக்குத் தெரியாது, பிச்சு எடுத்தா புண்ணாயிடும்" என்றார்.

அப்புறம் பேச ஆரம்பித்தார். என்னால் நம்ப முடியவில்லை. இந்த மரம் இத்தனை வயசு, இந்தப் பிரம்பில் முள் எந்தப் பக்கம் வளரும், இந்தக் குருவி கத்தினால் எத்தனை நேரத்தில் மழை வரும் என்று வாய் ஓயவில்லை. பாதையை விட்டுக் கொஞ்சம் இறங்கி, மரங்களுக்கு நடுவில் ஒரு குளத்தைக் காட்டினார். அடிக்கூழாங்கல் தெரிகிற தண்ணீர். கரையில் குடம் குடமாகத் தொங்குகிற ஒரு செடி. ஒவ்வொரு குடத்துக்கும் மூடி வேறு. "குரங்கு இதுல தண்ணி குடிக்கும்" என்றார். "நம்ம வீட்டுலயும் இப்படி ஒண்ணு இருந்தா குழாயடிக்குப் போக வேண்டாம்" என்றேன். என் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. எட்டு மாதமாக எனக்குப் பாதி ஆளைத்தான் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மிச்சப் பாதி இங்கே இருந்திருக்கிறது.

குளிர்ந்த தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு, "இதை விட்டுட்டு ஆபிஸ்ல போய் ஃபைல் தூக்கணுமேன்னு இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் ஒரு கூழாங்கல்லை எடுத்துத் தண்ணீரில் போட்டார். "உன்னை விடறதா, இதை விடறதான்னு இருக்கு" என்றார் கடைசியில். "ரெண்டுல எதைன்னு எனக்குத் தெரியும். சொல்றதுக்குத்தான் வாய் வரல."

எதை என்று நான் கேட்கவில்லை. பயம்.

பதினோரு மணிவாக்கில் மரங்கள் குட்டையாகி, திடீரென்று திறந்த வெளிக்கு வந்துவிட்டோம். பாடாங் பத்து என்று மலாய்க்காரர்கள் சொல்கிற பாறைத் திடல். பார்த்த பக்கமெல்லாம் பாறை, இடையிடையே இடுப்புயரப் புதர். மரமே இல்லாததால் பாறையிலேயே வெள்ளைப் புள்ளி வைத்து வழி காட்ட வேண்டும். அவர் என்னை ஒரு புள்ளிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, சோற்றுப் பொட்டலத்தையும் தண்ணீர்ப் புட்டியையும் மடியில் வைத்தார்.

"இந்தப் புள்ளிய விட்டு நகராத. அந்தப் பக்கம் நாலு புள்ளி வச்சுட்டு வந்துடறேன். கால் மணி நேரம்."

பெயிண்டு டின்னோடு அவர் முதுகு புதருக்கு அப்பால் மறைந்தது. அது மறைந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பனிமூட்டம் இறங்கியது. பத்தடி தூரத்துப் பாறை தெரியவில்லை, அப்புறம் ஐந்தடி, அப்புறம் என் கால் விரலே மங்கல்தான்.

கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. சொல்லிக் கொடுத்தபடி "ஊய்!" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. எழுந்து நின்று கூப்பிட்டேன். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். ஒன்றுக்கு இரண்டு பதில் வரும் என்றாரே மண்டோர், அரை பதில்கூட இல்லை. புள்ளியை விட்டு நகர்ந்தால் நானும் தொலைந்துபோவேன். அந்தத் திடலின் ஓரம் எங்கே முடிகிறது, எவ்வளவு பள்ளம் என்று ஏறும்போது அவரே காட்டியிருந்தார். அது ஞாபகம் வந்தது. மனுஷர் விழுந்திருந்தால்? மாரியம்மா, தாயே, அண்ணன் வீட்டுக்குப் போகமாட்டேன், ஒன்றும் வேண்டாம், ஆளை மட்டும் கொடு என்று அழுதேன்.

ஊய் ஊய் என்றால் காட்டில் இருக்கிற எல்லாருக்கும் அதுதான் பெயர், அவருக்கு எப்படித் தெரியும் நான் அவரைத்தான் கூப்பிடுகிறேன் என்று அப்போது தோன்றியது. மண்டோர் சொன்னதும் காதில் இருந்தது, அம்மா சொன்னதும் காதில் இருந்தது. ஆயுசு குறையும் என்றாளே. இன்றைக்கு மனுஷர் பிழைத்தால்தானே ஆயுசைப் பற்றிப் பேச முடியும்? கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"மருதமுத்து!"

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. பதில் இல்லை. ஆனால் இடது பக்கம், கொஞ்சம் கீழே, கல் ஒன்று உருண்ட சத்தம். ஆள் இருக்கிறார்! மறுபடி கூப்பிட்டேன். சத்தம் நின்றுவிட்டது. கோபமாக இருக்கிறாரோ, பெயர் சொன்னது பிடிக்கவில்லையோ என்று குழைந்து கூப்பிட்டுப் பார்த்தேன். "மருதமுத்து... என் ராசா, எங்க இருக்கீங்க? வாங்க ராசா..." என்று, வாழ்நாளில் யாரிடமும் காட்டாத தேனையெல்லாம் குரலில் கொட்டினேன். ம்ஹூம். கப்சிப். மூச்சுக்கூட விடாமல் அந்தப் பக்கம் யாரோ ஒளிந்திருப்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

எவ்வளவு நேரம் கூப்பிட்டேனோ தெரியாது. பயம் முழுக்க ஏறி உச்சிக்குப் போய் அங்கிருந்து கோபமாக இறங்கியது. எனக்குக் கோபம் வந்தால் வாய் என் பேச்சைக் கேட்காது.

"யோவ் மனுஷா! காது என்ன அடைச்சுப் போச்சா? ஒருத்தி இங்க நாய் மாதிரி கத்திக்கிட்டுக் கெடக்கேன், பெயிண்டு டின்னைக் கட்டிக்கிட்டு அங்கென்ன கொஞ்சல்? நல்ல சட்டையப் போடாதீங்க, கறையாகும்னு காலையிலயே படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேட்டீங்களா? சோறு ஆறிப்போச்சு! என்னைக் கொண்டாந்து மலையில விட்டுட்டு ஓடிடலாம்னு பார்த்தீங்களா? இருங்க, கையில கெடைச்சீங்க, தொலைச்சுடுவேன் தொலைச்சு!"

பனிக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

"பாக்கியமா?"

குரல் வந்த பக்கம் திரும்பிக் கத்தினேன்.

"பின்ன யாரு?"

"நிஜமாவே நீதானா? அப்படின்னா சொல்லு. நம்ம வீட்டுல உப்பு எங்க இருக்கு?"

"உப்பு எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா முதல்ல? வீட்டுல இருந்தாத்தானே தெரியும்!"

அங்கே ஒரு சத்தம். அழுகையா சிரிப்பா என்று புரியவில்லை. "நீதான்" என்றார். "நீயேதான்."

பேசிக்கொண்டே இருக்கச் சொல்லி, அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு கையும் காலுமாகத் தவழ்ந்து போனேன். முப்பது அடிகூட இல்லை. இரண்டு பாறைக்கு நடுவில் இருந்த வெடிப்பில் விழுந்து கிடந்தார். நெற்றியில் காயம், வலது கணுக்கால் வீங்கி நிறம் மாறியிருந்தது. சட்டையெல்லாம் வெள்ளைப் பெயிண்டு. விழுந்ததில் கொஞ்ச நேரம் நினைவு போயிருக்கிறது. நான் ஊய் ஊய் என்று கத்தியது எதுவும் அவர் காதில் விழவில்லை. கண் திறந்தபோது முதலில் கேட்டது அவருடைய பெயர்தான்.

"பொம்பளைக் கொரலு என் பேரச் சொல்லிக் கூப்பிடுது. உன் கொரலு மாதிரியே இருக்கு. ஆனா நீ எங்க என் பேரச் சொல்லப்போறே? அப்புறம் ராசாங்குது. சத்தியமா இது என் பொண்டாட்டி இல்லன்னு முடிவு பண்ணிட்டேன்."

"அடப்பாவி! அன்பாக் கூப்பிட்டா பேயா?"

"துண்டை வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். வலியில சத்தம் வந்துடக் கூடாதுன்னு."

அந்தத் துண்டை வாங்கிக் கணுக்காலில் சுற்றிக் கட்டினேன். கட்டி முடிக்கும்வரை அவர் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, என்னைப் பார்க்காமல் பனியைப் பார்த்துச் சொன்னார்.

"ஆனா ஒண்ணு, பாக்கியம். நீ திட்ட ஆரம்பிச்சியே, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி துண்டை வாயிலேருந்து எடுத்துட்டேன். பதில் சொன்னா திரும்பி வர மாட்டோம்னு தெரியும். இருந்தாலும் உன் கொரலா இருக்கே, எவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டே சும்மா கெடக்கறது? பேயா இருந்தாலும் சரி, போயிடலாம்னு வாயைத் தொறந்தேன்."

ஐந்நூறு வார்த்தை பேசுகிறவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அவருடைய பெயிண்டு சட்டையில் முகத்தை வைத்து அழுதேன். என்னைப் பிடிக்கவில்லையோ என்று நினைத்த நாளெல்லாம் நினைவுக்கு வந்து இன்னும் அழுதேன்.

மூன்று மணிக்குப் பனி கலைந்தது. தூரத்தில் கடல்கூடத் தெரிந்தது. கீழேயிருந்து "ஊய்!" என்று யூனுஸ் அண்ணனின் குரல் வந்தது. நாங்கள் இருவரும் சேர்ந்து இரண்டு 'ஊய்' கொடுத்தோம். அவரும் ஆட்களும் வந்து, இரண்டு கம்பில் கைலிச் சாரத்தைக் கட்டி இவரைப் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டார்கள். நான் பின்னால் நடந்தேன்.

குளத்துக்கு மேலே வந்தபோது இவர் தலையைத் தூக்கி, "மண்டோரண்ணே, நாளைக்கு ஆபிஸ்ல சொல்லிடுங்க. பியூன் வேலைக்கு நான் சரி" என்றார்.

நான் சண்டை போட்டுக் கேட்ட வார்த்தை. கிடைத்துவிட்டது. சொல்லிவிட்டு அவர் மரத்து உச்சியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"யாரு கேட்டா உங்கள?" என்று சீறினேன்.

"நீதானே பாக்கியம் கேட்டே?"

"கேட்டேன். கேட்டா உடனே தூக்கிக் குடுத்துடணுமா? பாதி ஆளை வீட்டுல உட்காரவச்சு நான் என்ன பூஜையா பண்ணப்போறேன்? அண்ணே, அவர் சொல்றதைக் காதுல வாங்காதீங்க. கால் சரியானதும் காட்டுக்கே அனுப்புங்க. ஆனா மூணு வாரமெல்லாம் முடியாது. ரெண்டு வாரம் காடு, ரெண்டு வாரம் வீடு. ஆபிஸ்ல நீங்கதான் பேசி முடிக்கணும். முடியாதுன்னா நானே வந்து பேசறேன்."

"வேணாம் தங்கச்சி, நீ வர வேணாம்" என்று அவசரமாகச் சொன்னார் யூனுஸ் அண்ணன். "நானே பேசிக்கறேன்." தூக்கிக்கொண்டு வந்தவர்கள் சிரித்த சிரிப்பில் கம்பு ஆடியது.

இவர் சிரிக்கவில்லை. சாரத்துக்கு வெளியே கையை நீட்டி என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டார், நாலு பேருக்கு முன்னால். நானும் விடச் சொல்லவில்லை. பாதை குறுகலான இடத்தில் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நடந்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மறுபடி காட்டுல நான் தனியா இருக்கறப்ப உன் கொரல்ல ஏதாச்சும் கூப்பிட்டா நான் என்ன செய்யறது?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"பதில் சொல்லுங்க" என்றேன். "பேயை நான் பாத்துக்கறேன்."